முளைகட்டிய தானியக் கரைசல்: செடிக்கு உரமா, மண்ணுக்குத் தீனியா?

வாசகர் கேள்வி: ஐயா, வணக்கம். திருச்சியில் மொட்டை மாடியில் 30 பைகளில் தக்காளி, கத்திரி, மிளகாய், வெண்டை வைத்திருக்கிறேன். பைக் கலவையில் பாதி கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மீதி செம்மண்ணும் மண்புழு உரமும். இரண்டு மாதமாக வேறு உரம் எதுவும் வைக்கவில்லை. வாராவாரம் முளைகட்டிய தானியக் கரைசல் மட்டும்தான். பாசிப்பயறு 200 கிராம், கொள்ளு 100 கிராம், கேழ்வரகு 100 கிராம். ஊறவைத்து, முளைகட்டி, மிக்சியில் அரைத்து, 15 லிட்டர் தண்ணீரில் கலக்கி, வடிகட்டாமல் பைக்கு அரை லிட்டர் ஊற்றுகிறேன். முதல் மாதம் செடிகள் கருகருவென்று வந்தன. இப்போது தக்காளியில் பூ கொட்டுகிறது. பிடித்த காயும் அடிப்பக்கம் கறுத்துப் போகிறது. பை பக்கத்தில் போனாலே புளித்த வாடை. மண்ணைக் கிளறினால் கொசு மாதிரி சின்னக் கறுப்புப் பூச்சிகள் கிளம்புகின்றன. முளைவிடும்போது உண்டாகும் என்சைம்தான் செடிக்குப் பெரிய சத்து என்கிறார்களே, உண்மையா? இதை மட்டுமே வைத்துச் செடி வளர்க்கலாமா? மிச்சக் கரைசலை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? கீரைக்குத் தெளிக்கலாமா?

பதில்:

அம்மா, வணக்கம். இந்த வாரத்துக் கரைசலுக்குப் பயறை ஊறப்போட்டிருந்தால், அதைச் சுண்டல் செய்து சாப்பிட்டுவிடுங்கள். பைகளுக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு அது வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வாரம் 400 கிராம் தானியம், 30 பை. அதாவது ஒரு பைக்கு 13 கிராம். எட்டு வாரத்தில் ஒவ்வொரு பையிலும் நூறு கிராமுக்கு மேல் அரைத்த மாவு இறங்கியிருக்கிறது, அதுவும் ஈர மாவு. திருச்சி வெயிலில், மூடாக்குப் போட்ட மாதிரி ஈரம் காக்கும் கோகோபீட்டில், அது என்ன பாடுபடும்? புளிக்கத்தான் செய்யும். உங்களுக்கு வரும் வாடையும் பூச்சியும் அதன் விளைவுதான். பூக்கொட்டலுக்கும் காய் கறுப்பதற்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் முழுக் காரணம் இது இல்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் என்சைம் விஷயம், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு விதைக்குள் இருப்பது, முளைக்கப்போகும் குருத்து இலைவிட்டுத் தானாகச் சமைத்துக்கொள்ளும்வரை தேவைப்படும் கட்டுச்சோறு. மாவுச்சத்து, புரதம், கொஞ்சம் எண்ணெய், மணிச்சத்து (பாஸ்பரஸ்) எல்லாம் அதில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். மணிச்சத்தில் பெரும்பகுதி ஃபைட்டிக் அமிலம் என்ற வடிவில் இருக்கும். தண்ணீர் பட்டதும் பூட்டைத் திறக்கும் சாவிகளை விதை தயாரிக்கிறது. அவைதான் என்சைம்கள். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது அமைலேஸ், புரதத்தை அமினோ அமிலமாக்குவது புரோட்டியேஸ், ஃபைட்டிக் அமிலத்தை உடைத்து மணிச்சத்தை விடுவிப்பது ஃபைட்டேஸ். இதில் பொய் எதுவும் இல்லை. சொல்லப்போனால் மனிதர்கள் முதன்முதலில் பிரித்தெடுத்த என்சைமே முளைவிட்ட பார்லியிலிருந்து வந்ததுதான். 1833ல் பாயன், பெர்சோ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதற்கு டயஸ்டேஸ் என்று பெயர் வைத்தார்கள். நம் வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். சாதாரணக் கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சினால் கெட்டியாகும். முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சினால் அதே அளவு மாவுக்குக் கஞ்சி நீர்த்து நிற்கும். குழந்தைகளுக்கு அதைக் கொடுப்பதற்கு ஒரு காரணம் இந்த அமைலேஸ்தான்.

சரி, அந்த என்சைம் தக்காளிச் செடிக்கு என்ன செய்யும்? நேரடியாக ஒன்றும் செய்யாது. என்சைம் என்பது பெரிய புரத மூலக்கூறு. வேர் அதை அப்படியே உறிஞ்சிக்கொண்டு பயன்படுத்துவதில்லை. செடி தனக்கு வேண்டிய என்சைம்களைத் தன் செல்லுக்குள்ளேயே தயாரித்துக்கொள்கிறது. மண்ணில் விழுந்த என்சைம் கொஞ்ச நேரம் வேலை பார்க்கும். அப்புறம் அதுவும் ஒரு புரதம்தானே, நுண்ணுயிர்கள் அதையும் தின்றுவிடும். மண்ணிலும் என்சைமுக்குப் பஞ்சமில்லை. அங்கிருக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் வேரும் நாள் முழுவதும் அதைச் சுரந்துகொண்டேதான் இருக்கின்றன.

ஆகவே நீங்கள் ஊற்றுவது என்சைம் டானிக் இல்லை. அரைத்த பயறு. நுண்ணுயிர்கள் அதைத் தின்று, செத்து, மட்கி, கடைசியில் தழைச்சத்தாக, அதாவது நைட்ரஜனாக, செடிக்குக் கிடைக்கிறது. ஜீவாமிர்தம் என்ற இயற்கை உரக் கரைசலில் சாணம், கோமியம், வெல்லத்தோடு 2 கிலோ பயறு மாவையும் போடுகிறார்களே, அதே வேலைதான். முளைகட்டியதால் சத்து கூடியதா என்றால், கூடவில்லை. தண்ணீர் குடித்ததால் எடை கூடியிருக்கும். ஆனால் முளைக்கிற விதை மூச்சுவிடுகிறது, அதில் உலர் எடை கொஞ்சம் குறையவே செய்யும். பயறில் இருந்த தழைச்சத்துதான் முளையிலும் இருக்கும், புதிதாக எங்கிருந்தும் வராது. முளைகட்டினால் நடப்பது பூட்டு திறப்பது மட்டுமே. சர்க்கரையும் அமினோ அமிலமும் வெளியே வந்து நிற்பதால் மண்ணில் அது வேகமாக வேலை செய்யும், அதே வேகத்தில் புளிக்கவும் செய்யும். முதல் மாதம் செடி கருகருவென்று வந்ததும் இரண்டாம் மாதம் வாடை கிளம்பியதும் ஒரே காரணத்தால்தான்.

ஹார்மோன் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். முளைவிடும் விதையில் ஜிப்ரெலின், சைட்டோகைனின், ஆக்சின் எல்லாம் இருப்பது உண்மை. இவை மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்யும் பொருள்கள் என்பதும் உண்மை. தேங்காய்த் தண்ணீரில் இப்படியொரு வளர்ச்சித் தூண்டல் இருப்பது 1940களிலேயே திசு வளர்ப்பு ஆய்வுக்கூடங்களில் தெரிந்துவிட்டது. நம் விவசாயிகள் பூ உதிராமல் இருக்கத் தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்துத் தேமோர் கரைசல் தெளிப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இயற்கை விவசாயத்தில் சுபாஷ் பாலேக்கர் சொல்லும் சப்த தான்யாங்குர கஷாயமும் இந்த வகைதான். எள், பாசிப்பயறு, உளுந்து, தட்டைப்பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை, கோதுமை ஆகிய ஏழையும் முளைகட்டி அரைத்து, கோமியத்தோடு 200 லிட்டர் தண்ணீரில் கலந்து, பயிர் பால்பிடிக்கும் பருவத்தில் தெளிப்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது அளவை. ஒவ்வொரு தானியமும் 100 கிராம்தான், அது 200 லிட்டருக்குப் போகிறது. அதுவும் வயலில், குறிப்பிட்ட பருவத்தில், இலைமேல். நீங்களோ 400 கிராமை 15 லிட்டரில் கலந்து, கோகோபீட் பையில், வாராவாரம், மண்ணில் ஊற்றுகிறீர்கள். லிட்டருக்குக் கணக்குப் போட்டால் ஏழு மடங்குக்கு மேல் கெட்டி. பெயர் ஒன்றானாலும் இரண்டும் வேறு வேறு சமாச்சாரம். தவிர, வீட்டில் அரைக்கும் கரைசலில் ஹார்மோன் எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை. இன்று முளை அரை அங்குலம், அடுத்த வாரம் ஒன்றரை அங்குலம் என்றால் கரைசலும் ஒன்றாக இருக்காது. அதை நம்பி ஒரு தோட்டத்தை ஓட்டக்கூடாது.

இப்போது உரக் கணக்கு. பாசிப்பயறில் ஏறக்குறைய 24 சதவீதம் புரதம். புரதத்தை 6.25ஆல் வகுத்தால் தழைச்சத்து கிடைக்கும், அதாவது நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. கொள்ளில் மூன்றரை. கேழ்வரகில் ஒன்றேகால்கூட வராது. உங்கள் 400 கிராமையும் கூட்டினால் வாரத்துக்கு 12 கிராம் சுமார் தழைச்சத்து, 30 பைக்குப் பிரித்தால் பைக்கு 0.4 கிராம். மூன்று கிலோ காய்க்கும் ஒரு தக்காளிச் செடிக்கு மொத்தத்தில் எட்டு, பத்து கிராம் தழைச்சத்து வேண்டும். ஆக, உங்கள் கரைசல் வெறும் தண்ணீர் இல்லை, ஒரு பங்கு கொடுக்கத்தான் செய்கிறது. ஆனால் இதே 12 கிராம், 180 கிராம் கடலைப் புண்ணாக்கில் இருக்கிறது. மாதம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் சாப்பிடும் தானியத்தை அரைத்து மண்ணில் ஊற்றுகிறீர்கள். எனக்கென்னவோ மனசு வரவில்லை.

பணத்தை விடுங்கள், பெரிய சிக்கல் சாம்பல் சத்தில், அதாவது பொட்டாசியத்தில் இருக்கிறது. தக்காளி, கத்திரி, மிளகாய் எல்லாம் காய்க்கத் தொடங்கினால் தழைச்சத்தைவிட சாம்பல் சத்தை அதிகமாகக் கேட்கும். பாசிப்பயறில் கதை தலைகீழ். தழை கிட்டத்தட்ட நாலு என்றால் சாம்பல் ஒன்றேகால்தான். அதையே இரண்டு மாதம் ஒரே உரமாகக் கொடுத்தால் இலை கரும்பச்சையாகும், தண்டு கொழுக்கும், காய்க்கு மட்டும் கை கொடுக்காது. நீங்கள் எழுதியிருப்பதும் இதைத்தான். கீரைக்கோ கறிவேப்பிலைக்கோ இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. காய்கறிக்குத் தெரியும்.

காயின் அடி கறுப்பதைப் பார்ப்போம். கறுப்பு, காம்புக்கு எதிர்ப்பக்கம், பூ இருந்த முனையில் வருகிறதா? விரலால் தொட்டால் தோல் செருப்பு மாதிரி வறண்டு, கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறதா? அப்படியென்றால் அது பூஞ்சை நோய் இல்லை, மருந்து எதுவும் அடிக்காதீர்கள். காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) போய்ச் சேராததால் வருவது. கறுத்த இடத்தை வெட்டிவிட்டு மீதியைச் சமைக்கலாம். திருச்சியில் போர் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றால் மண்ணில் சுண்ணாம்பு குறைவாக இருக்க வாய்ப்பில்லை, ஏறும் வழியில்தான் தடை. ஒருநாள் பை காய்ந்து, மறுநாள் குளம்போல் நிறைந்தால் சுண்ணாம்பு ஒழுங்காக ஏறாது. அதோடு, அழுகும் புரதத்திலிருந்து தழைச்சத்து முதலில் அம்மோனியமாகத்தான் வெளிவரும். மண்ணில் காற்றோட்டம் இருந்தால் பாக்டீரியா அதைச் சீக்கிரம் நைட்ரேட்டாக மாற்றிவிடும். உங்கள் பைபோல ஈரமாக, மூச்சுமுட்டிக் கிடந்தால் அம்மோனியமாகவே தேங்கி நிற்கும், வேரில் சுண்ணாம்போடு போட்டியும் போடும். கரைசலுக்கும் கறுத்த காய்க்கும் உள்ள தொடர்பு இதுதான். இந்த நேரத்தில் முட்டை ஓட்டுத்தூள் போடச் சொல்லி நாலு பேர் வருவார்கள். போட்டால் கெடுதல் இல்லை, ஆனால் அது கரைந்து வேருக்குப் போவதற்குள் இந்தச் செடியின் ஆயுளே முடிந்துவிடும்.

பூ கொட்டுவதற்குப் பாதிக் காரணம் தழை மிகுதி, பாதி வெயில். பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுக்கமாக இருந்தால் தக்காளி மகரந்தம் வீணாகிவிடும். அதற்கு எந்தக் கரைசலும் மருந்தில்லை. மதிய வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள், காலையில் பூக்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது.

ஒரு பையை எடுத்து மேல்மண்ணைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஏடு கட்டியிருக்கும், கிளறினால் அடியில் வெள்ளை நூல்போல் பூஞ்சை ஓடியிருக்கும், ஈர மாவு கட்டி கட்டியாகத் தெரியும். அந்த ஒரு அங்குலத்தை அப்படியே வழித்து எடுத்துவிடுங்கள். குப்பையில் போட வேண்டாம், மட்கு உரத் தொட்டியில் காய்ந்த இலையோடு கலந்தால் அங்கே நல்லது செய்யும். பிறகு அடித்துளைகளில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். கோகோபீட் பைகளில் பாதிக்குப் பாதி துளை அடைத்திருக்கும். வழித்த இடத்தில் பைக்கு 50 கிராம் வேப்பம்புண்ணாக்கைக் கொஞ்சம் காய்ந்த மண்புழு உரத்தோடு கலந்து பரப்பி, அதற்கு மேல் ஒரு விரற்கடை ஆற்று மணல் போடுங்கள். அந்தக் கறுப்புப் பூச்சி முட்டை வைப்பதே ஈரமான மேல்மண்ணில்தான். அதன் புழு பூஞ்சையையும் வேர்த்தூவியையும் தின்று வளரும். மேல்பக்கம் காய்ந்து மணலாக இருந்தால் அடுத்த தலைமுறை வராது. பறப்பவற்றுக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை, நாலு பைக்கு ஒன்று, மண்ணுக்குச் சற்று மேலே. முட்டையிலிருந்து பூச்சியாக ஏறக்குறைய மூன்று வாரம் பிடிக்கும். மூன்று வாரம் கரைசல் வேண்டாம் என்று சொன்னது அதற்காகத்தான்.

தண்ணீரை நேரம் பார்த்து ஊற்றாமல் விரல் பார்த்து ஊற்றுங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு வரை நுழைத்தால் ஈரம் ஒட்டக்கூடாது, ஆனால் குளிர்ச்சி தெரிய வேண்டும். அப்போது ஊற்றினால் சரி.

சாம்பல் சத்துக்கு, இயற்கை முறைதான் வேண்டும் என்றால் வாழைத்தோலை வெயிலில் காயவைத்து நறுக்கி மட்கு உரத்தில் சேர்த்துக் கொடுங்கள். அடுப்புச் சாம்பல் கிடைத்தால் மாதம் ஒருமுறை பைக்கு ஒரு தேக்கரண்டி போதும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டில் சாம்பல் வேண்டாம், மண்ணின் காரத்தன்மை ஏறிவிடும். ரசாயனத்துக்கு ஆட்சேபம் இல்லையென்றால் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, 15 நாளுக்கு ஒருமுறை பைக்கு அரை லிட்டர். நான் அதைத்தான் சொல்வேன், செடி இப்போது பசியில் இருக்கிறது. மேலுரமாக மாதம் பைக்கு 200 கிராம் மண்புழு உரம். வழக்கமான தெளிப்புக்குப் பஞ்சகவ்யா (சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்கவைத்த கரைசல்), 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி. கொடுமுடி மருத்துவர் நடராஜன் பஞ்சகவ்யாவைப் பயிருக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து புழக்கத்தில் இருக்கும் அளவு அது. கூட்டினால் இலை கருகும்.

மூன்று வாரம் கழித்து முளைக் கரைசலை மறுபடி கொடுக்க ஆசைப்பட்டால் கொடுங்கள், தடையில்லை. 50 கிராம் பயறு, 10 லிட்டர் தண்ணீர். பயறு மட்டும் போதும், கேழ்வரகை விட்டுவிடுங்கள். அதில் மாவு அதிகம், புரதம் குறைவு. நுண்ணுயிர்கள் அந்த மாவைச் செரிக்க மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே கொஞ்ச காலத்துக்கு இழுத்துக்கொள்ளும். வெளிநாட்டில் பார்லியையும் மக்காச்சோளத்தையும் இப்படி முளைகட்டி அரைத்து ஊற்றுகிறார்கள். அவர்கள் அதை ஏற்கெனவே உரம் நிறைந்த மண்ணில் மேல்வரும்படியாகத்தான் கொடுக்கிறார்கள், ஒரே சாப்பாடாக இல்லை. முளை வெளியே தலைகாட்டினால் போதும். நம் ஊர் வெயிலில் இரவு ஊறவைத்து, காலையில் துணியில் கட்டினால் மறுநாள் தயார். அரைத்து, துணியில் வடிகட்டுங்கள். சக்கை மட்கு உரத் தொட்டிக்கு. ஈரமாக இருக்கும் மண்ணில், சாயங்காலம், பைக்கு கால் லிட்டர், மாதம் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். வெந்நீர் ஊற்றுவதும் காய்ச்சுவதும் தேவையற்ற வேலை. வெல்லம் வேண்டவே வேண்டாம், சர்க்கரை ஏற்கெனவே அதில் நிறைய இருக்கிறது.

ஃப்ரிட்ஜ் கேள்விக்குப் பதில்: வைக்காதீர்கள். அரைத்த அன்றே ஊற்றிவிட வேண்டும். பச்சைப் பயறு வாடை வந்தால் நல்ல கரைசல். புளித்த வாடை வந்தால் மட்கு உரத் தொட்டிக்கு. அழுகிய முட்டை வாடை வந்தால் அங்கேயும் காய்ந்த இலையை நிறையப் போட்டு மூடித்தான் ஊற்ற வேண்டும்.

கீரைக்குத் தெளிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தெளிக்கவே கூடாது. முளை வளர ஏற்ற வெதுவெதுப்பும் ஈரமும் நோய்க்கிருமி பெருகவும் ஏற்றது. 2011ல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தின் வழியாகப் பரவிய ஈ.கோலை கிருமியால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அவ்வளவும் விதையோடு வந்த கிருமி. முளைக்கீரை, அரைக்கீரையை வேகவைத்துவிடுகிறோம் என்றாலும் புதினா, கொத்தமல்லியைப் பச்சையாகத்தானே அரைக்கிறோம்? அவற்றுக்குக் கரைசல் கொடுப்பதானால் மண்ணில் மட்டும், அறுவடைக்கு இரண்டு வாரம் முன்னால் நிறுத்திவிட வேண்டும். இன்னொன்று, விதைக்கென்று விற்கும் பாக்கெட் விதையை ஒருபோதும் இதற்கு எடுக்காதீர்கள். இளஞ்சிவப்போ நீலமோ பூசியிருந்தால் அது பூஞ்சணக்கொல்லி. மளிகைக்கடைப் பயறுதான் வேண்டும்.

முளைகட்டுவதால் உண்மையில் பலன் உண்டா என்று உங்களுக்கே தெரிய வேண்டுமென்றால் அடுத்த பருவத்தில் இப்படிச் செய்யுங்கள். ஒரே நாளில் நட்ட ஒரே ரகக் கத்திரி, ஒன்பது பை. எல்லாவற்றுக்கும் ஒரே மண்புழு உரம். மூன்று பைக்கு முளைகட்டிய பயறுக் கரைசல், மூன்று பைக்கு வெறும் தண்ணீர், மூன்று பைக்கு முளைகட்டாத அதே பயறை அதே எடையில் மாவாக அரைத்துக் கரைத்தது. எல்லோரும் முதல் இரண்டைத்தான் ஒப்பிட்டுப் பார்த்து, செடி வளர்ந்துவிட்டது என்று படம் போடுகிறார்கள். பயறு ஊற்றினால் தண்ணீரைவிட நன்றாகத்தானே வளரும்? முளைக்குத் தனி மகிமை உண்டா என்பது மூன்றாவதை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பைகளை வரிசையாக வைக்காமல் கலந்து வையுங்கள், ஓரத்துப் பைக்கு வெயில் கூடும். காயை எடை போட்டு எழுதிவையுங்கள், இலைப் பசுமையைக் கண்ணால் பார்த்து முடிவுகட்ட வேண்டாம்.

அப்புறம், பயறை வைத்து மண்ணுக்கு உரம் சேர்க்க இதைவிட நல்ல வழி ஒன்று நம்மிடம் இருக்கும்போது நீங்கள் ஏன் மிக்சியைத் தேய்க்க வேண்டும்? பலதானிய விதைப்பைத்தான் சொல்கிறேன். வயலில் தானியம், பயறு, எண்ணெய்வித்து, பசுந்தாள் விதை எல்லாவற்றையும் கலந்து விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுவார்கள். பையிலும் அதைச் செய்யலாம். தக்காளி முடிந்த பையில் செடியை வேரோடு பிடுங்காமல் அடியில் வெட்டிவிட்டு, ஒரு கைப்பிடி தட்டைப்பயறு, கொள்ளு, பாசிப்பயறோடு கொஞ்சம் கம்பும் எள்ளும் தூவுங்கள். அரைத்து ஊற்றிய பயறு தன்னிடம் இருந்த தழைச்சத்தை மட்டும் கொடுக்கும். முளைத்து வளர்ந்த பயறு காற்றிலிருந்தும் பிடித்துக் கொடுக்கும். அதற்கு வேரில் ரைசோபியம் என்ற பாக்டீரியா வேண்டும். புதுக் கோகோபீட்டில் அது இருக்காது, வேளாண் விரிவாக்க மையத்திலோ உரக்கடையிலோ பாக்கெட் கிடைக்கும். ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதைமேல் பூசி, நிழலில் உலர்த்தி விதையுங்கள்.

ஒரு மாதம் கழித்து ஒரு தட்டைப்பயறுச் செடியை மெல்லப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். கடுகு, மிளகு அளவில் முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, இரத்தச் சாயலில் இருந்தால் அது தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை, மண்ணில் ஏற்கெனவே தழைச்சத்து அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் பைகளில் இரண்டாவது வகை வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன், இரண்டு மாதம் பயறு மாவு ஊற்றியிருக்கிறீர்களே. பூ எடுத்ததும், 40, 45 நாளில், அடியோடு அறுத்து, பொடியாக நறுக்கி, இரண்டு நாள் வாடவிட்டு மேல்மண்ணோடு கிளறிவிடுங்கள். பச்சையாகவே புதைத்தால் மறுபடி வாடை வரும். இரண்டு மூன்று வாரம் கழித்து அதில் அடுத்த செடியை நடலாம். 30 பையையும் ஒரே நேரத்தில் சும்மா போட முடியாதுதான். பருவத்துக்குப் பத்துப் பையாக மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

அடுத்து எழுதும்போது, நீங்கள் ஊற்றுவது போர் தண்ணீரா காவிரிக் குடிநீரா, பையின் அளவு என்ன, கோகோபீட்டைக் கழுவிப் போட்டீர்களா அப்படியே போட்டீர்களா என்பதைக் குறிப்பிடுங்கள். கத்திரியும் வெண்டையும் எப்படி இருக்கின்றன என்று நீங்கள் எழுதவே இல்லை. அவற்றின் இலை ஓரம் காய்ந்து சுருள்கிறதா என்று பார்த்துச் சொன்னால், உப்பு ஏறியிருக்கிறதா என்பதையும் அதை வைத்துச் சொல்லிவிடலாம்.